பத்துப் பேரும் தூங்கினார்கள்

கேள்வி: 18 நவம்பர் 2024

சென்னையில் நைட் ஷிஃப்ட் வேலை. ரூமுக்கு வந்து சேரக் காலை ஆறு ஆகிவிடும். அதிகாலை நாலு மணி ஜெபத்தை விட்டவன் ஆண்டவருடைய வருகைக்கு ஆயத்தமில்லாதவன் என்று எங்கள் போதகர் போன வாரம் அழுத்திச் சொன்னார். நாலு மணிக்கு நான் ஹெட்செட் மாட்டிக்கொண்டு எவரோ ஒருவருடைய கிரெடிட் கார்டு சண்டையைத் தீர்த்துக்கொண்டிருப்பேன். பகலில் வேதத்தைத் திறந்தால் இரண்டாவது வசனத்திலேயே கண் சொருகுகிறது. இன்றைக்கு ஆண்டவர் வந்தால் கைவிடப்படுவேனோ என்ற பயத்தோடுதான் தினமும் படுக்கிறேன். ஆயத்தமாக இருப்பது என்றால் நடைமுறையில் என்ன? வசனம் மட்டும் அனுப்ப வேண்டாம், அது என்னிடமும் இருக்கிறது.

பதில்: 18 நவம்பர், ராத்திரி

வசனம் வேண்டாம் என்கிறீர்கள், ஒன்றே ஒன்று மட்டும். மத்தேயு 25, ஐந்தாம் வசனம். விளக்கோடு மணவாளனுக்காகக் காத்திருந்த பத்துக் கன்னிகைகளின் கதை. புத்தியுள்ள ஐந்து பேர் பாத்திரத்தில் தனியாக எண்ணெயும் கொண்டுபோனார்கள், புத்தியில்லாத ஐந்து பேர் கொண்டுபோகவில்லை, கடைசியில் கதவுக்கு வெளியே நின்றார்கள். "மணவாளன் வரத் தாமதித்தபோது, அவர்கள் எல்லாரும் நித்திரைமயக்கமடைந்து தூங்கிவிட்டார்கள்."

எல்லாரும் தூங்கினார்கள் தம்பி. புத்தியில்லாத ஐந்து பேர் மட்டும் இல்லை. புத்தியுள்ளவர்களும் சேர்ந்துதான் குறட்டை விட்டிருக்கிறார்கள். தூங்கினதற்காக மணவாளன் ஒருத்தியையும் வெளியே நிறுத்தவில்லை.

நான் 34 வருஷம் நர்ஸ். ஓய்வுபெற்று ஆறு வருஷம் ஆகிறது. அந்த நாலு மணி எப்படிப்பட்ட நேரம் என்று எனக்குத் தெரியும். வார்டில் ரொம்பக் கனமான நேரம் அது. போய்த் தூங்குங்கள்.

19 நவம்பர்

என் பதிலைப் படித்துவிட்டு இந்த இழையில் இரண்டு பேர் கோபப்பட்டிருக்கிறார்கள். 13ஆம் வசனம் "விழித்திருங்கள்" என்றுதானே முடிகிறது, பாதியை மறைத்துப் பேசாதே என்று. மறைக்கவில்லை. தூங்கினவர்களைப் பற்றி ஒரு கதை சொல்லிவிட்டு, கடைசியில் "விழித்திருங்கள்" என்கிறார் ஆண்டவர். அப்படியானால் அந்த வார்த்தைக்குக் கண்ணைத் திறந்துவைத்திருப்பது என்பதைவிட வேறொரு பொருள் இருக்க வேண்டும். எனக்கு அது வார்டில் புரிந்தது. நீளமாகச் சொல்கிறேன், பொறுமை இருந்தால் படியுங்கள்.

எல்லா வார்டிலும் எமர்ஜென்சி டிராலி என்று ஒன்று இருக்கும். ஒருவருக்கு மூச்சோ இதயமோ நின்றால் அதைத்தான் தள்ளிக்கொண்டு ஓடுவோம். மேல் தட்டில் அட்ரினலின், அட்ரோபின் ஆம்பியூல்கள். கீழே மூச்சுக்குழாய்க்குள் போடுகிற ஈ.டி. டியூப்கள் 7, 7.5, 8 என்று அளவுவாரியாக. கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கிற அம்பு பேக், சக்ஷன் குழாய், ஆக்சிஜன் சிலிண்டர், அதைத் திறக்கிற சாவி. அந்தச் சாவி எப்போதும் காணாமல்போகும். அதைக் கயிறு போட்டு சிலிண்டர் கழுத்திலேயே கட்டிவைக்காத ஆஸ்பத்திரியே கிடையாது. பிறகு லாரிங்கோஸ்கோப். தொண்டைக்குள் பார்த்து டியூப் போடுவதற்கானது. கைப்பிடிக்குள் இரண்டு பேட்டரிக்கட்டை, நுனியில் குன்றிமணி அளவு பல்பு. பிளேடை நிமிர்த்தினால் எரியும், மடக்கினால் அணையும்.

ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் டிராலியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, ரெஜிஸ்டரில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். நூறு நாளில் தொண்ணூற்றெட்டு நாள் அது தேவைப்படாது. அலுப்பான வேலை. ஆனால் அதை ஒழுங்காகச் செய்துவிட்டால் அதற்குப் பிறகு நாற்காலியில் தலை சாய்க்கலாம், மனசு அடிக்காது.

1996. நல்லபாம்பு கடித்த ஒரு ஆளை ராத்திரி ஒன்றரை மணிக்குக் கொண்டுவந்தார்கள். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர். விஷமுறிவு மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே இமை இரண்டும் கீழே விழுந்துவிட்டது. பிறகு பேச்சுக் குழறல், பிறகு மூச்சு. டியூட்டி டாக்டர் கையை நீட்டுகிறார், நான் லாரிங்கோஸ்கோப்பைக் கொடுக்கிறேன். நிமிர்த்துகிறார், எரியவில்லை. மடக்கி மறுபடி நிமிர்த்துகிறார், அப்போதும் இல்லை. டப்பாவில் மாற்றுக்கட்டையும் இல்லை. யாரோ துடைக்கும்போது பிளேடைத் திறந்தபடியே விட்டிருக்க வேண்டும், அப்படி விட்டால் சார்ஜ் தீர்ந்துவிடும். நான் அம்பு பேக்கை அழுத்திக்கொண்டே நிற்க, கூட டியூட்டியில் இருந்த பிள்ளை மேல்மாடி ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடிப்போய் அங்கே இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். மூன்று நிமிஷம் ஆகியிருக்கும்.

அவர் பிழைத்துக்கொண்டார். ஒன்பதாம் நாள் நடந்தே போனார்.

அன்றைக்குத்தான் எனக்கு எண்ணெய் புரிந்தது. விளக்கு பத்துப் பேரிடமும் இருந்தது. எங்களிடமும் இருந்தது, பளபளவென்று துடைத்து.

19 நவம்பர், கொஞ்ச நேரம் கழித்து

"புத்தியுள்ள கன்னிகைகள் எண்ணெயைக் கடன் கொடுக்கவில்லை, உங்களுக்கு மட்டும் தியேட்டர்காரர்கள் கொடுத்தார்களே" என்று கேட்டிருப்பவருக்கு: ஆமாம். உவமை அந்த இடத்தில் ஒத்துவரவில்லை. விடுங்கள்.

20 நவம்பர்

விளக்கைப் பற்றி ஒருவர் எழுதியிருப்பது நன்றாக இருக்கிறது. மூலத்தில் இருக்கிற "லம்பாஸ்" என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தீப்பந்தம் என்றும் பொருள் உண்டாம். கம்பு நுனியில் துணி சுற்றி எண்ணெயில் தோய்த்துக் கொளுத்துவது. அப்படியென்றால் துணி காயக் காய ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், பாத்திரத்தில் தனியாக எண்ணெய் இல்லாமல் கதை நடக்காது. நான் இத்தனை நாள் எங்கள் வீட்டுக் காமாட்சி விளக்கு மாதிரி ஒன்றைக் கற்பனை செய்துவைத்திருந்தேன். (கிறிஸ்தவ வீட்டில் காமாட்சி விளக்கா என்று கேட்காதீர்கள். கரண்டு போனால் ஆச்சி ஏற்றுகிற விளக்குக்கு எங்களுக்கு வேறு பெயர் தெரியாது.)

21 நவம்பர்

ஆச்சி என்றதும் ஞாபகம் வருகிறது. நாசரேத் பக்கம் ஒரு கிராமத்தில் வளர்ந்தேன். 1970 வாக்கில் எங்கள் ஊருக்கு ஒரு பிரசங்கியார் வந்து மூன்று ராத்திரி இரகசிய வருகையைப் பற்றிப் பேசினார், ஆண்டவர் சட்டென்று வந்து தம்முடையவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று. வயலில் இருவர் இருப்பார்கள், ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான். அடுத்த வாரம் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், வீடு திறந்து கிடக்கிறது. அடுப்பில் உலை கொதிக்கிறது. ஆள் இல்லை. அம்மா இல்லை, ஆச்சி இல்லை, தொட்டிலில் தம்பியும் இல்லை. சரி, எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டார்கள், நான் மாட்டிக்கொண்டேன்.

அழுதுகொண்டே சித்தி வீட்டுக்கு ஓடினேன். சித்தி திண்ணையில் இருந்தாள். அதனால் எனக்கு ஒன்றும் தீரவில்லை, ஏனென்றால் சித்தி எப்படியும் இங்கேதான் இருப்பாள் என்று எனக்கு அப்போதே ஒரு எண்ணம். கோயிலுக்கு ஓடினேன். கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்குட்டியார் மணிக்கயிற்றுக்குக் கீழே உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவரைக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்றும் தெரியவில்லை. கடைசியில் ஊர்ச் சபையை நடத்துகிற உபதேசியாரைப் பார்த்த பிறகுதான் உயிர் வந்தது.

அம்மா பின்வீட்டுக் கொல்லையில் முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டிருந்தாள்.

தம்பி, நீங்கள் படுக்கப்போகும்போது படுகிற பயம் அந்த வகைதான். அந்தப் பயம் என்னை ஒரு நாள்கூட நல்ல பிள்ளையாக்கவில்லை. மாட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்றுதான் யோசிக்கவைத்தது. மாட்டிக்கொள்ளாமல் இருக்கிற பழக்கம் பெரியவளான பிறகும் போகவில்லை. அதைப் பிறகு எழுதுகிறேன். எழுதுவேனா தெரியவில்லை.

22 நவம்பர்

"நாளைக்கு உலகம் அழியும் என்று தெரிந்தாலும் இன்றைக்கு ஆப்பிள் கன்று நடுவேன்" என்று மார்ட்டின் லூத்தர் சொன்னதை ஒருவர் போட்டிருக்கிறார். நானும் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் இதை எத்தனையோ தரம் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். என் மகள் பிடித்துக் கொடுத்தாள்: லூத்தர் எழுத்தில் எங்கேயும் அது இல்லை. 1944க்கு முந்தி இந்த வாக்கியமே எழுத்தில் அகப்படவில்லையாம். லூத்தர் செத்தது 1546. நல்ல வாக்கியம்தான், சொந்தக்காரர் மட்டும் வேறு யாரோ.

அதற்குப் பதிலாக ரூத் புத்தகம். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடி வந்தார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் வந்தது. பழைய ஏற்பாட்டை ஆதியாகமத்திலிருந்து பிடித்து ரூத் வரைக்கும் கொண்டுவந்தார். 1719இல் காலமானார், வயது 36. மிச்சத்தை அவருக்குப் பிறகு வந்த மிஷனரி சூல்ட்சே முடித்தார். ரூத்தோடு நின்றுபோனதால் அவர் ஆயத்தமில்லாதவரா? "எல்லாக் கடமையையும் முடித்துவைத்திருப்பவனே ஆயத்தமானவன்" என்று மேலே எழுதியிருப்பவர் இதற்கு என்ன சொல்கிறார்?

22 நவம்பர், மறுபடி

அவர் பதில் சொல்லிவிட்டார். தான் சொன்னது அந்த அர்த்தத்தில் இல்லையாம். சரி.

24 நவம்பர்

வருகைக்குத் தேதி குறித்தவர்களைப் பற்றிக் கேட்டவருக்கு. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் ஆட்கள் 1844 அக்டோபர் 22ஐக் குறித்தார்கள். சிலர் வயலில் விளைந்ததை அறுக்காமலே விட்டார்கள். விடிந்தது. ஹெரால்ட் கேம்பிங் என்பவர் 2011 மே 21 என்றார். அன்றைக்கு நான் பகல் டியூட்டி. ரேடியோவில் கேட்டுவிட்டு ஒரு பேஷன்ட் என்னிடம் "அப்போ டிஸ்சார்ஜ் பில் கட்டணுமா சிஸ்டர்?" என்று கேட்டார்.

இது நேற்று இன்று வந்த வியாதி இல்லை. அப்போஸ்தலன் பவுல் காலத்திலேயே தெசலோனிக்கேயா சபையில் வருகையைப் பற்றி ஒரே பேச்சாக இருந்தது, சிலர் வேலையையும் விட்டிருந்தார்கள். பவுல் அவர்களுக்குக் கொடுத்த மருந்துச் சீட்டைப் பாருங்கள்: "அமைதலுள்ளவர்களாயிருக்கும்படி நாடவும், உங்கள் சொந்த அலுவல்களைப்பார்க்கவும், உங்கள் சொந்தக் கைகளினாலே வேலைசெய்யவும்." வருகையைப் பற்றி அத்தனை எழுதுகிற அதே நிருபத்தில்தான் இதுவும். நாலு மணிக்கு ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஒருவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்வதும் அதில் அடக்கம் என்று நான் நினைக்கிறேன்.

26 நவம்பர்

சடுதி மரணம். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று இரண்டு நாளாக நினைக்கிறேன். பழைய பொதுஜெபப் புத்தகத்தில் லித்தானியா என்கிற நீண்ட வேண்டுதலில் சடுதி மரணத்திலிருந்து காப்பாற்றும் என்று ஒரு விண்ணப்பம் உண்டு. யுத்தத்தோடும் கொலையோடும் சேர்த்து அதையும் வைத்திருக்கிறார்கள். இப்போது எங்கள் கோயிலில் யாரைக் கேட்டாலும் "படுக்கையில கெடக்காம பொசுக்குன்னு போயிரணும்" என்பார்கள். நானும் அதைத்தான் சொல்வேன், படுக்கையில் கிடந்தவர்களைத் துடைத்துவிட்ட கை இது. முன்னோர் பயந்தது வேறு ஒன்றுக்கு: யாரோடும் பேசித் தீர்க்க நேரம் இல்லாமல் போய்விடுமே என்று.

தூத்துக்குடியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஆர்.சி. ஒரு ஜெபமாலைக்கு 53 தடவை "இப்பொழுதும் எங்கள் மரண வேளையிலும்" என்று சொல்வார். மீன் ஆய்ந்துகொண்டே சொல்வார். நான் சி.எஸ்.ஐ.க்காரி, அதற்குள் போகவில்லை. ஆனால் சாவை மீனோடு சேர்த்து வைத்துக்கொண்டு பயப்படாமல் இருந்த ஒரே ஆள் அவர்தான்.

இல்லை, ஆச்சியும். டிரங்குப் பெட்டிக்குள் தன் அடக்கத்துக்கென்று ஒரு வெள்ளைச் சேலை, சவப்பெட்டி செய்வதற்குக் கைக்குட்டையில் முடிந்த பணம். வருஷம் ஒரு தடவை கல்லறைத் திருநாள் சமயத்தில் சேலையை வெயிலில் போடுவாள். நான் ஒரு தடவை "இதே சேலைதானா ஆச்சி, மஞ்சளடிக்கவே இல்லையே?" என்றேன். "இது மூணாவதுளா. மொத ரெண்டும் முந்திக்கிட்டவளுகளுக்குப் போயிட்டு" என்றாள். ஊரில் யாராவது இல்லாதவள் செத்தால் இவள் பெட்டி திறக்கும்.

1 டிசம்பர்

கிறிஸ்துமஸுக்கு ஆயத்தப்படுகிற அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு. கோயிலில் முதல் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். நான் வீட்டுக்கு வந்து 19ஆம் தேதி எழுதினதைத் திரும்பப் படித்தேன். அதில் ஒரு வரி பொய்.

"யாரோ துடைக்கும்போது பிளேடைத் திறந்தபடியே விட்டிருக்க வேண்டும்."

நடந்தது இது. அன்று ராத்திரி எட்டு மணிக்கு டியூட்டி எடுத்தேன். 12 வருஷம் சர்வீஸ் ஆனவள், டிராலியில் எது எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ரெஜிஸ்டரை விரித்து எல்லாக் கட்டத்திலும் மளமளவென்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். டிராலியைத் திறக்கவே இல்லை. பல்பு எரிந்ததா எரியவில்லையா என்று எனக்குத் தெரியாது.

விடிந்ததும் மேட்ரன், எங்கள் தலைமை நர்ஸ், கூப்பிட்டுக் கேட்டார். "நான் செக் பண்ணும்போது எரிஞ்சுது மேடம்" என்றேன். பன்னிரண்டு மணிக்கு டிராலியைத் துடைத்தவள் கூட இருந்த அந்தப் பிள்ளை, சேர்ந்து நாலு மாசம்கூட ஆகவில்லை. அப்போ துடைக்கும்போது திறந்து விட்டிருக்கிறாள் என்று முடிவாயிற்று. மெமோ அவளுக்கு. மாடிக்கு ஓடிப்போய் வேறொன்று கொண்டுவந்தவளும் அவள்தான்.

இந்தச் சம்பவத்தைக் குறைந்தது பத்து இடத்தில் சாட்சியாகச் சொல்லியிருக்கிறேன். எண்ணெய், விளக்கு என்று. ஒவ்வொரு தடவையும் அந்த "யாரோ" இருந்தது. கடைசியில் நானே அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

2 டிசம்பர்

தனிச்செய்தியில் ஆறுதல் சொன்னவர்களுக்கு: வேண்டாம்.

கேள்வி கேட்ட தம்பிக்கு ஒன்று. நீங்கள் நாலு மணி ஜெபம் செய்யவில்லை என்று குற்றப்படுகிறீர்கள். அந்த 1996இல் நான் தினமும் செய்தேன். டியூட்டி ரூமில் முழங்கால்படியிட்டுத்தான். அதுவும் ஒரு டிக் ஆகிப்போனது எப்போது என்று தெரியவில்லை. ஜெபத்தைக் குறைத்துப் பேசவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டிராலியை நிஜமாகத் திறந்து பார்க்கிற ஐந்து நிமிஷ ஜெபம் உங்களுக்குப் போதும், பஸ்ஸில் வரும்போதே செய்யலாம். யார்மேல் எரிச்சல், யாரிடம் பொய், யாருக்குப் பாக்கி. அதைச் சொல்லிவிட்டுத் தூங்குங்கள். "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக" எரிச்சல் தணிய வேண்டும் என்று எபேசியரில் இருக்கிறது. உங்களுக்குச் சூரியன் உதிக்கிறதற்கு முன்னாக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

4 டிசம்பர்

"அந்தச் சகோதரியிடம் பேசினீர்களா?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறார் ஒருவர். 28 வருஷம் ஆயிற்று, எங்கே இருக்கிறாளோ, குடும்பம் பிள்ளைகள் என்று இருப்பாள், இப்போது போய்க் கிளறுவது அவளுக்கு நல்லதா என்றும் யோசிக்க வேண்டும். ஆண்டவரிடம் எப்போதோ அறிக்கை செய்துவிட்டேன்.

4 டிசம்பர், ராத்திரி

மேலே எழுதினதை அழிக்காமல் விடுகிறேன், எப்படி வழுக்குகிறேன் என்று நானே பார்ப்பதற்கு. காணிக்கை செலுத்த வருகிறவனுக்கு ஆண்டவர் சொன்னதில் "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி" என்றுதான் இருக்கிறது. முன்பு.

17 டிசம்பர்

கேரல் ரவுண்ட்ஸ், கேக், பேரப்பிள்ளைகள். எழுத நேரமில்லை. தேடவும் இல்லை. நேரமில்லை என்பது முழு உண்மை இல்லை.

தம்பி எழுதியிருக்கிறார், இப்போதெல்லாம் தூக்கம் வருகிறதாம். மேனேஜரைப் பற்றிப் பின்னால் பேசினதை அவரிடமே சொல்லிவிட்டாராம். மேனேஜர் "அது எனக்கு ஏற்கெனவே தெரியும்" என்றாராம். சிரித்துவிட்டேன்.

1 ஜனவரி 2025

வாட்ச் நைட் ஆராதனை முடிந்து இரண்டு மணிக்கு வந்தோம். புது வருஷத்துக்கான வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை எடுத்தேன். என்ன வசனம் என்று சொல்லமாட்டேன், ஒவ்வொருவரும் அவரவர் அட்டையைப் போட ஆரம்பித்தால் இழை அதிலேயே போய்விடும். பதினொன்று ஐம்பத்தைந்துக்கு விளக்கை அணைத்து எல்லாரையும் முழங்காலில் நிறுத்துவார்களே, அந்த ஐந்து நிமிஷம் எனக்கு அவள் மாடிப்படியில் ஓடுகிற செருப்புச் சத்தம்தான் கேட்டது.

5 ஜனவரி

பழைய சினேகிதி ஒருத்தி மூலமாக நம்பர் கிடைத்தது. வெளிமாநிலத்தில் இருக்கிறாள், இன்னும் நர்ஸ்தான். பேப்பரில் எழுதிப் பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன்.

9 ஜனவரி

கூப்பிட்டேன். முதலில் அடையாளம் தெரியவில்லை, பிறகு "அக்கா!" என்று ஒரு சத்தம், அப்படி ஒரு சந்தோஷம். அதனாலேயே சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. பத்து நிமிஷம் அவள் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னேன், ரெஜிஸ்டர், டிக், மேட்ரன், எல்லாம்.

ஒன்றும் பேசவில்லை. போன் துண்டித்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"நான்தான் தெறந்து போட்டேன்னுதானக்கா இத்தன வருஷமா நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். "எங்க வேல பாத்தாலும் டிராலியத் தொடச்சதும் ரெண்டு தடவ மடக்கிப் பார்ப்பேன். வீட்டுல கேஸ் அடுப்பயும்."

மன்னிச்சிரு என்றேன். "அப்புறம் கூப்புடுதேன்க்கா, டியூட்டிக்கு நேரமாயிட்டு" என்று வைத்துவிட்டாள்.

12 ஜனவரி

என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை. நைட் முடிந்து வந்தால் காலையில் கூப்பிடுவாள், இல்லையென்றால் ராத்திரி பத்துக்குமேல். போனைச் சத்தத்தில் வைத்துத் தலைமாட்டில் சார்ஜில் போட்டிருக்கிறேன். கண்ணைச் சொக்குகிறது, படுக்கப் போகிறேன்.